ஆற்றுக்குள் ஒரு பந்தக்கால்

அத்தியாயம் ஆறு

'ஆற்றங்கரை அழகில் உங்கள் இல்லத் திருமணம்' என்றது ஸ்ரீ ஜெயபிருந்தா மஹாலின் வாசல் போர்டு. ஆறு இருந்தது, அழகும் ஓரளவுக்கு இருந்தது. கரையைத்தான் காணோம்.

தனகோட்டி தன் பழைய ஆம்னி வேனை போர்டுக்குக் கீழே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது பிடித்து ஒரு வருஷமாகிறது என்பது ஞாபகம் வந்ததும் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தான். பக்கத்து இருக்கையில் இருந்து வெண்மதி இறங்கினாள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பொய் கிளைம் பிடித்துக் கொடுத்தே பத்து வருஷம் ஓட்டியவள். இப்போது செஞ்சி பஜாரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க மூளை தேவையில்லை, மூக்கு போதும் என்று தனகோட்டி சொல்வான். அவன் அங்கே டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருபவர் என்று மூன்று பதவி வகிக்கிறான்.

இந்தக் கேஸ் அப்படிப்பட்டதில்லை. கொண்டுவந்தவர் சாமுண்டீஸ்வரி டீச்சர். மண்டபத்தை அடுத்த மனை அவருடையது. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில்தான் நாற்று நட்டிருக்கிறார்கள். சொந்தப் பட்டாவில் சொந்தமாக ஒரு வீடு என்று முதலில் கட்டியது டீச்சர்தான். அந்த வீட்டுப் பின்பக்கக் கரையை ஆறு இரண்டு மழைக்காலமாகத் தின்றுகொண்டே வந்து, இப்போது சமையலறைச் சுவருக்கு அடியில் நிற்கிறது. அடுத்த மழைக்கு அடுப்போடு போய்விடும்.

டீச்சர் சொன்னது இது. மண்டபக்காரர் கரையில் இருந்த புங்கமரத்தையும் நாணலையும் வழித்து எடுத்துவிட்டு, கட்டட இடிபாட்டைக் கொட்டி, ஆற்றுக்குள்ளேயே சிமெண்டுத் தரை போட்டுச் சுவர் எழுப்பினார். முதல் மழையிலேயே அத்தனையும் கரையோடு சரிந்தது. கரை போன இடத்தில் வளைந்து வருகிற தண்ணீர், அவர் மண்டபத்தைச் சுருக்கிப் பின்தள்ளிக் கட்டிய புதுச்சுவரில் முட்டி, டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்புகிறது.

மண்டபக்காரர் இராமச்சந்திரன் தாசில்தாரிடம் கொடுத்த மனுவோ வேறு கதை. மண்டபம் கட்டிய நாளிலிருந்து இதே இடத்தில்தான் முடிகிறதாம். டீச்சர்தான் பேஸ்மட்டம் நிரப்ப ஆற்றங்கரையை வெட்டி மண் எடுத்தாராம், அதில்தான் மொத்தக் கரையும் சரிந்ததாம். அதை தாசில்தார் நம்பினால் டீச்சர் மேல் வழக்கு, வீட்டைக் காலி செய்ய உத்தரவு. இன்று பதினோரு மணிக்கு அவர் நேரில் பார்க்க வருகிறார்.

கரையை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றால் ஊருக்கு முதலில் யார் வீட்டு ஞாபகம் வரும் என்பது தனகோட்டிக்குத் தெரியும். டீச்சருக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். போன வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. கணக்கு டீச்சர் என்பதால் விடையை முன்பே போட்டுப் பார்த்துவிட்ட முகம். அதைப் பார்த்ததிலிருந்து தனகோட்டிக்கு எரிச்சலாக இருந்தது, யார் மேல் என்றும் தெரியவில்லை.

சாட்சி என்று ஒன்றும் தேறவில்லை. மண்டபத்தில் சாப்பிட்டவர்களைக் கேட்டால் எல்லோருக்கும் பந்தி ஞாபகம் இருந்தது, பின்சுவர் ஞாபகமில்லை. கல்யாண ஆல்பம் வாங்கிப் பார்த்தார்கள். போட்டோகிராபர் ஆற்றை அழித்துவிட்டு அங்கே சுவிட்சர்லாந்தை வைத்திருந்தார். செஞ்சியில் பனிமலை உண்டு என்பதற்கு மூன்று ஆல்பம் சாட்சி, கரை இருந்தது என்பதற்கு ஒன்றும் இல்லை.

"இன்னாக்கா பிளான்?" என்றான் தனகோட்டி.

"உன் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க வந்திருக்கோம்."

"அது பிளான் இல்லக்கா, நெசம். நிலா கல்யாணம் பங்குனியில இங்கதான். எங்கம்மா தேதி சொல்லிட்டு வந்து ஒரு மாசம் ஆவுது."

"தெரியும். அதான் உன்னை முன்னாடி விடறேன். பொய் சொன்னா உன் காது சிவந்துடும். இன்னிக்கு உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

மேனேஜர் ஜெகதீஷ் இரண்டு போனோடு வரவேற்றான். ஒன்றில் பேசினான், இன்னொன்றில் பேசப் போவதுபோல் வைத்திருந்தான்.

"பொண்ணு வூடா, புள்ள வூடா சார்?"

"பொண்ணு வூடு. நான் அண்ணன். இவங்க எங்க அக்கா மாதிரி."

"வாங்க, வாங்க. ஏசி இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது, கரண்ட் போனாலும் டென்ஷனே இல்ல. முன்னாடி பாத்தா கோட்டை வியூ, பின்னாடி பாத்தா ஆத்து வியூ."

தனகோட்டி முன்னாடி பார்த்தான். ராஜகிரி மேல் எவனெவனோ ஆண்ட காலத்து மதில் அசையாமல் நின்றது. அதைக் கட்டியவர்கள் ஜெனரேட்டர் வைத்ததாகத் தெரியவில்லை.

"பந்தக்கால் எங்க நடறது?" என்று கேட்டாள் வெண்மதி.

ஜெகதீஷ் உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். கழுத்து வரை மணல்.

"இதுல நட்டுக்கலாம். ஈசானி மூலையில வேணுமா, ஈசானி மூலையில வைங்க. வெயில் வந்தா நிழல்ல நகத்திக்கலாம்."

தனகோட்டி வாளியைச் சுற்றி வந்தான். "ஏம்பா, பந்தக்காலு மண்ணுல நட்டு, பால் ஊத்தி, அது துளிர் வுட்டா பொண்ணு நல்லா இருக்கும்னு எங்கம்மா நெனச்சிக்கிட்டு இருக்குது. வாளியில நட்டா இன்னா சொல்லும்? கல்யாணம் முடிஞ்சதும் வாளியோட மாமியார் வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான் சார் பண்றாங்க."

"மண்டபம் தொறந்த நாள்லேர்ந்தே வாளிதானா?" வெண்மதி மணலை விரலால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஆமா மேடம். முதல் கல்யாணத்துலேர்ந்து இதே வாளிதான்."

அவன் பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. வெண்மதி வாளியை லேசாகச் சாய்த்தாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ஸ்ரீ ஜெயபிருந்தா மஹால், தை 2023.

இராமச்சந்திரன் குடும்பத்துக்கு பஜாரில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை. அந்தக் கடையில் ஒரு டம்ளர் வாங்கினாலும் பேரும் தேதியும் வெட்டாமல் கையில் கொடுக்க மாட்டார்கள். தனகோட்டி வீட்டுச் சாம்பார் கரண்டியில்கூட அவன் அப்பா அம்மா கல்யாணத் தேதி இருக்கிறது. ஆற்றையே மூடிவிட்ட மனிதர், தன் வாளியில் தேதி வெட்டுகிற கையைத் தடுக்கவில்லை.

ஜெகதீஷ் போனில் யாருக்கோ பதில் சொல்ல நகர்ந்ததும், வெண்மதி வாசல் தூணில் பதித்திருந்த கறுப்புக் கல்லைக் காட்டினாள். திறப்பு விழா, தை 2022.

"ஒரு வருஷம் பூரா இங்க வாளி இல்லாம கல்யாணம் நடந்திருக்கு," என்றாள். "அப்ப எங்க நட்டாங்க?"

"மண்ணுலதான்."

"எந்த மண்ணு? வாசல்லேர்ந்து பின்சுவர் வரைக்கும் டைல்ஸ்."

"ஈசானி மூலையில ஒரு குழி வுட்டிருப்பாங்க. எல்லா மண்டபத்துலயும் வுடறதுதானே."

"வா, குழியைப் பாக்கலாம்."

வடகிழக்கு மூலையில் குழி இல்லை. வழவழவென்று டைல்ஸ், அதற்கு மேல் புதுச்சுவர். சுவரில் ஆளுயரத்துக்கு ஓர் ஆறு வரைந்து, அதில் இரண்டு அன்னத்தை நீந்த விட்டிருந்தார்கள். நிஜ ஆறு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆள் இல்லாமல்.

"இங்க இல்லன்னா?" என்றான் தனகோட்டி.

"அந்தப் பக்கம்."

பின்கேட்டைத் திறந்து வெளியே வந்தார்கள். இரண்டு எட்டு வைத்தால் செங்குத்தாக ஆறு. மாசி மாதத்து ஆறு என்பதால் முழங்கால் தண்ணீர்தான். இந்தப் பக்கம் கரை அறுந்து, வேரெல்லாம் வெளியே தொங்கியது. கொஞ்சம் தள்ளி டீச்சர் வீட்டுச் சமையலறை ஜன்னல், கீழே மண் இல்லாமல் எட்டிப் பார்த்தது. நடு ஆற்றுக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு மண்மேடு. இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அதன் மேல், பந்தக்காலுக்கு வெட்டி நடுகிற கல்யாண முருங்கை மரம் ஒன்று இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நின்றது.

தனகோட்டி பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான். மரத்தைச் சுற்றி வந்தவன், நின்றான்.

"அக்கா, ஒரு மஞ்சத் துணி முடிச்சு பட்டைக்குள்ள புதைஞ்சி கெடக்குது. நவதானியம் கட்டின துணிதான். அது மேல மஞ்சளு, குங்குமம். ஒண்ணு மேல ஒண்ணா அப்பிக்கிட்டு இருக்குது. ஆனா இது வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்த கொம்பாவும் இருக்கலாம். போன மழைக்கு எருமையே வந்துது, ஒரு கொம்பு வராதா?"

"எருமைக்கு யாராவது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குங்குமம் வெக்கறாங்களா?"

தனகோட்டி மரத்தின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"சுத்தி ஒரு செங்கல் துண்டு கெடக்குதா பாரு."

"துடைச்சி வெச்சா மாதிரி இருக்குது."

"அவ்வளவு பெரிய தரையும் சுவரும் விழுந்த எடத்துல ஒரு துண்டுகூட இல்ல. ஜேசிபி வெச்சி எல்லாத்தையும் வாரியிருக்காங்க. இந்த மேட்டை மட்டும் விட்டுட்டுச் சுத்திப் போயிருக்குது. ஏன்?"

"ஜேசிபி டிரைவருக்குக் கண்ணு தெரியல."

"இல்ல, தனகோட்டி. மொதலாளிக்குத் தெரிஞ்சிருக்குது." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னிக்கான மஞ்சள் தண்ணி இன்னும் வரல."

பதினோரு மணிக்கு தாசில்தார் வந்தார். அரசாங்கத்தில் பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கு யாரும் வருவதில்லை என்பதால் இராமச்சந்திரனுக்கே அது அதிர்ச்சிதான். மண்டபக்காரர் பின்கேட்டுக்கு வெளியே வெள்ளை வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக நின்றார். தாசில்தாருக்கு இளநீர் கொடுத்தார், டீச்சருக்குக் கொடுக்கவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, தன் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு கையை வைத்தபடி நின்றார். அந்தக் கையை எடுத்தால் சுவர் விழுந்துவிடும் என்பதுபோல் இருந்தது.

"சார், என் மண்டபம் அன்னிக்கும் இங்கதான் முடிஞ்சுது, இன்னிக்கும் இங்கதான் முடியுது," என்றார் இராமச்சந்திரன், புதுச்சுவரைக் காட்டி. "நான் ஆத்துல ஒரு செங்கல்லு வெச்சிருந்தா காட்டுங்க. அந்தம்மா பேஸ்மட்டத்துக்கு மண்ணு வெட்டினாங்க, கரை போச்சு. இனிமே மண்டபத்துக்கும் ஆபத்து. ஊரு நல்லதுக்குத்தான் மனு கொடுத்தேன்."

"என் பேஸ்மட்டத்துக்கு ரெண்டு டிப்பர் கிராவல் தொண்டூர்லேர்ந்து வந்துது சார்," என்றார் டீச்சர். "ஊர்ல யாரும் பாக்கல. நான் மண்ணு வெட்டினதை மட்டும் எல்லாரும் பாத்திருக்காங்க."

தாசில்தார் இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கமும் சாயாத முகம், சாய்ந்தால் ட்ரான்ஸ்பர் வரும் என்று பழகிய முகம்.

வெண்மதி முன்னால் வந்தாள். "சார், டீச்சர் சார்பா வந்திருக்கேன். அண்ணாச்சிகிட்ட ஒரே கேள்வி. அதோ அந்த மரம் எப்பிடி அங்க வந்துது?"

இராமச்சந்திரன் மரத்தைப் பார்க்கவில்லை. "வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்து மொளைச்சிருக்கும். ஆத்துல ஆயிரம் வரும்."

"சரிதான்," என்றாள் வெண்மதி, ரொம்பப் பணிவாக. அவள் பணிவாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். "அப்ப அது நீரோட்டத்துக்குத் தடை. கரைக்காக இவ்வளவு பாடுபடறீங்க, அந்தத் தடையையும் இப்பவே எடுத்துட்டா தாசில்தார் சாரும் எழுதிக்கிட்டுப் போவாரு. சொந்தக்காரங்க யாரும் இல்லாத மரம்தானே?"

"நியாயம்தான்," என்றார் தாசில்தார். "எடுத்துடுங்க."

வாட்ச்மேன் இளையபெருமாள் வாழைமரம் வெட்டுகிற அரிவாளோடு ஓரமாக நின்றிருந்தார். இராமச்சந்திரன் அவரிடம், "வெட்டுய்யா" என்றார். சத்தம் பாதிதான் வந்தது.

இளையபெருமாள் அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நானுங்களா? எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க மொதலாளி."

"ஜெகதீஷ்."

ஜெகதீஷ் இரண்டு போனையும் ஒரே சமயத்தில் காதில் வைத்தான்.

கடைசியில் இராமச்சந்திரன் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தானே தண்ணீரில் இறங்கினார். மேட்டின் மேல் ஏறினார். அரிவாளை ஓங்கினார். ஓங்கிய கை அங்கேயே நின்றது.

அப்போதுதான் பின்கேட்டில் வளையல் சத்தம் கேட்டது. இராமச்சந்திரன் மனைவி ஜெயம், தலைக்குக் குளித்து, கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். புருஷன் கையில் அரிவாளைப் பார்த்தாள். சொம்பு கீழே விழுந்தது.

"இன்னாங்க பண்றீங்க? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? நம்ம பிருந்தாவோட பந்தக்காலுங்க அது. ஏழாவது மாசம் நடக்குது அவளுக்கு. பொண்ணு வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு இருக்கறப்ப அரிவாளைத் தூக்கறீங்களே."

அரிவாள் தானாகவே இறங்கியது. இராமச்சந்திரன் மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாசில்தார் மெதுவாகக் கேட்டார். "அம்மா, உங்க பொண்ணு கல்யாணம் எங்க நடந்துது?"

"எங்க மண்டபத்துலதாங்க. தொறந்ததும் மொதல் கல்யாணமே எங்க பிருந்தாவுதுதான்."

"அப்ப பந்தக்காலு ஆத்துல இருக்குதே?"

"ஆத்துல யாருங்க நடுவாங்க?" ஜெயத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அப்ப அது வரைக்கும் மண்டபம்தானே. அந்தாண்ட வரைக்கும் சிமெண்டுத் தரை, சுத்திச் சுவரு. ஈசானி மூலையில குழி வுட்டு நட்டது, தை முடியறதுக்குள்ள துளிர் வுட்டுடுச்சு. அந்த வருஷ மழையில தரையும் போச்சு, சுவரும் போச்சு, கரையும் கூடவே போச்சு. இது மட்டும் வேரோட மண்ணைப் புடிச்சிக்கிட்டு நின்னுது. இவருதாங்க ஜேசிபிகாரன்கிட்ட, மத்ததெல்லாம் வாரு, இதுல மட்டும் கை வெக்காதன்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டாரு."

புருஷன் நல்ல மனசை எடுத்துச் சொல்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்குச் சொல்லாமல் மனு கொடுத்தவர், வீட்டாரிடமே சாட்சி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். மண்டபத்தை மறு உத்தரவு வரை மூட வேண்டும். தண்ணீரைத் திருப்பிவிடும் புதுச்சுவரை எடுக்க வேண்டும். கரையைச் சரிவாக மண் போட்டு, நாணலும் புங்கனும் நட்டு, டீச்சர் வீடு வரைக்கும் மண்டபச் செலவிலேயே மழைக்கு முன் திரும்பக் கட்டித் தர வேண்டும். டீச்சர் மேல் இருந்த மனு தள்ளுபடி. எழுதி முடித்து, மரத்தைப் பார்த்து, "அதை எடுக்க வேணாம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி டீச்சர் சுவரிலிருந்து கையை எடுத்தார். சுவர் விழவில்லை. அப்போதுதான் அவர் அழுதார், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல். தனகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இராமச்சந்திரன் ஈர வேட்டியோடு கரையேறி வெண்மதி முன்னால் நின்றார்.

"ஒரு வெட்டு வெட்டியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஆமாங்க," என்றாள் வெண்மதி. "வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஜெயம் சொம்பை எடுத்து, மீதி இருந்த மஞ்சள் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெசமா வெட்டியிருந்தா?" என்றான் தனகோட்டி.

"அந்தக் கை ஓங்கினப்ப எனக்கும் உயிரே போச்சு. வெட்டிட்டா டீச்சர் வீடும் போகும், அந்தப் பொண்ணு மரமும் போகும். இனிமே என்னை இந்த மாதிரி வெளையாட விடாத."

இரண்டு பேரும் வேனுக்குத் திரும்பினார்கள். தனகோட்டி சக்கரத்துக் கல்லை எடுக்கக் குனிந்தபோது போன் அடித்தது. அம்மா. அதற்குள் பஜார் முழுக்கத் தெரிந்திருந்தது.

"டேய், மண்டபத்துக்குப் பூட்டு போட்டாங்களாமே. எந்தக் கட்டையில போறவன்டா போட்டது?"

அவன் போனைக் கையில் மூடிக்கொண்டு வெண்மதியைப் பார்த்தான். வெண்மதி கோட்டையைப் பார்த்தாள். அது உதவிக்கு வரவில்லை.

டீச்சர் பின்னாலிருந்து வந்திருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. "தம்பி, முகூர்த்தக்காலு நடறதுக்கு எடம் வேணும்னா, எங்க வீட்டோரம் மிச்சம் இருக்கற கரையில நடுங்க. சாப்பாட்டுக்கு எங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சின்ன ஹால் இருக்குது, நான் பேசறேன். உங்க தங்கச்சி காலு எங்க கரையில வேர் புடிச்சா, எங்களுக்கும் நல்லதுதான்."

தனகோட்டி போனைக் காதில் வைத்தான்.

"அம்மா, வேற எடம் கெடைச்சுடுச்சு. மண்ணு இருக்குது, ஆத்தங்கரைதான். ஒண்ணே ஒண்ணு, வாளி எடுத்துக்கிட்டு வராத."